பணம் போய்விட்டது, ஆர்டர் பதியவில்லை: இரண்டு சர்வர்களுக்கு நடுவே நடப்பது என்ன?

உசிலம்பட்டியில் இருக்கும் ஒருவர், மதுரைக் கடை ஒன்றின் இணையதளத்தில் ரூ.1,850 விலையில் ஒரு சுங்குடிச் சேலை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யு.பி.ஐ. மூலம் பணம் கட்டுகிறார். வங்கியிலிருந்து பணம் கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. கடையின் திரையிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து 'பணம் செலுத்தப்படவில்லை' என்று காட்டுகிறது. கடைக்குப் போன் போட்டால் "எங்க கணக்குல வரலைங்களே" என்கிறார்கள். வங்கியில் கேட்டால் "இங்கிருந்து போயிருச்சு சார்" என்கிறார்கள்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் சர்வரில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்கிறார்கள். எழுதியிருப்பது இரண்டு இடத்திலும் வேறு வேறாக இருக்கிறது. இது எப்படி நேர்கிறது, இதை ஏன் அடியோடு ஒழிக்க முடியாது, ஒழிக்க முடியாதபோதும் யாருக்கும் நஷ்டமில்லாமல் எப்படிச் சரிக்கட்டுவது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

தனித்தனி சர்வர் என்றால்

பிரவுசரில் திறந்து பயன்படுத்தும் மென்பொருளைத்தான் வெப் அப்ளிகேஷன் என்கிறோம். அது ஓடும் கணினி சர்வர். மேலே சொன்ன ஒரு சேலை விற்பனையில் குறைந்தது மூன்று அப்ளிகேஷன்கள் இருக்கின்றன: கடையின் தளம், பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே, சேலையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூரியர். கேட்வேக்குப் பின்னால் வாங்குபவரின் வங்கி, கடையின் வங்கி, இவற்றுக்கு நடுவில் 2016இல் யு.பி.ஐ.யைத் தொடங்கி நடத்திவரும் என்.பி.சி.ஐ. என்று இன்னும் சில. ஒவ்வொன்றுக்கும் சொந்த சர்வர், சொந்த நினைவகம், சொந்த டேட்டாபேஸ்.

ஒரே சர்வரில் ஓடும் ஒரே அப்ளிகேஷனுக்குள் டேட்டா கைமாறுவது எளிது. ஒரு பகுதி எழுதிவைத்ததை இன்னொரு பகுதி உடனே படிக்கலாம். 'எழுதினேன், ஆனால் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை' என்ற நிலையே அங்கே கிடையாது. இரண்டு சர்வர் ஆனதும் அந்த வசதி போய்விடுகிறது. கடையின் சர்வர் நினைவகத்தில் இருக்கும் எதையும் கேட்வேயின் சர்வர் எட்டிப் பார்க்க முடியாது. அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளலாம். அது ஒன்றுதான் வழி.

புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடமும் இதுதான். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் அவருடைய விவரத்தை செஷனில் போட்டு வைப்பார்கள். இன்னொரு சர்வரில் இருக்கும் அப்ளிகேஷனும் அதே செஷனைப் படித்துவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். படிக்காது. செஷன் என்பது அந்தந்த சர்வர் தன்னிடம் வைத்திருக்கும் குறிப்பு. பிரவுசரிடம் இருப்பது அந்தக் குறிப்பின் எண்ணைத் தாங்கிய குக்கி என்ற சிறு சீட்டு மட்டும்தான். நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி 1994இல் குக்கியை உருவாக்கினார். அன்றிலிருந்து உள்ள விதி, எந்தத் தளம் குக்கியைக் கொடுத்ததோ அந்தத் தளத்துக்குத்தான் பிரவுசர் அதைத் திருப்பி அனுப்பும் என்பது. ஒரே முதன்மை முகவரியின் கீழ் உள்ள துணைத் தளங்கள் வேண்டுமானால் ஒரு குக்கியைப் பகிர்ந்துகொள்ளலாம். கடையின் முகவரியும் கேட்வேயின் முகவரியும் வேறு வேறு என்பதால் அங்கே அதற்கும் வழியில்லை.

செய்தி போக இரண்டு பாதைகள்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இருந்து வெளியூருக்குச் சாமான் அனுப்ப இரண்டு வழிகள் இருக்கின்றன. அந்த ஊருக்குப் போகிற தெரிந்தவர் கையில் ஒரு பையைக் கொடுத்து, "இறங்கினதும் எங்க அண்ணன் வருவாரு, கொடுத்துருங்க" என்று சொல்லிவிடலாம். இல்லையென்றால் பார்சல் ஆபீசில் புக் செய்து, ரசீதில் இருக்கும் எல்.ஆர். நம்பரை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்து ஆபீசில் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். சர்வர்களுக்கு நடுவிலும் ஏறத்தாழ இதே இரண்டு பாதைகள்தான்.

1. பிரவுசர் வழியாக. வாடிக்கையாளரின் பிரவுசரே டேட்டாவைச் சுமந்துகொண்டு ஒரு தளத்தில் இருந்து இன்னொரு தளத்துக்குப் போகிறது.

2. சர்வரில் இருந்து சர்வருக்கு நேராக. வாடிக்கையாளர் கண்ணில் படாமல் இரண்டு கணினிகளும் பேசிக்கொள்கின்றன.

எந்தப் பாதையில் எதை அனுப்புவது என்று தெரியாமல் கட்டிய தளங்களில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

பிரவுசர் கையில் கொடுத்து அனுப்புவது

எளிய முறை, இணைய முகவரியின் வாலில் டேட்டாவை ஒட்டி அனுப்புவது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஆர்டர் எண், தொகை என்று நீளமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். இதை கெட் முறை என்பார்கள். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவத்தில் டேட்டாவை வைத்து, பக்கம் திறந்ததும் அது தானாகவே அடுத்த தளத்துக்குப் போகும்படி செய்வது. இது போஸ்ட் முறை. 'பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், பின்னே செல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கையோடு ஒரு வெற்றுத் திரை தோன்றுமே, பெரும்பாலும் அந்த நேரத்தில் இப்படி ஒரு கைமாற்றம் நடந்துகொண்டிருக்கும்.

இந்தப் பாதையில் மூன்று ஆபத்துகள்.

முதலாவது, சுமந்து போகிறவர் பையைத் திறக்கலாம். முகவரியில் தொகை 1850 என்று இருந்தால், அதை 1 என்று மாற்றி அடுத்த பக்கத்தைத் திறக்கக் கணினி மேதையாக இருக்க வேண்டியதில்லை. மறைவான படிவமும் அப்படித்தான். பிரவுசருக்குள் இருக்கும் எதையும் அந்த பிரவுசரின் சொந்தக்காரர் மாற்ற முடியும்.

இரண்டாவது, முகவரியில் போகும் டேட்டா பல இடங்களில் தங்கிவிடும். பிரவுசரின் ஹிஸ்டரியில் இருக்கும், சர்வருக்கு வந்த கோரிக்கைகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் பதியும். ஆளாளுக்கு வந்து உட்காரும் பிரவுசிங் சென்டர் கணினியில் இது சாதாரண விஷயமில்லை. கடவுச்சொல், ஆதார் எண் போன்றவற்றை முகவரியில் வைத்து அனுப்பும் தளத்தை யார் கட்டியிருந்தாலும் அது தவறுதான்.

மூன்றாவது, பயணி பாதி வழியிலேயே இறங்கிவிடலாம். நினைவகம் குறைவான போனில், பணம் கட்ட யு.பி.ஐ. செயலிக்குத் தாவும்போது பின்னால் இருக்கும் பிரவுசர் பக்கத்தை போனே மூடிவிடும். பணம் போயிருக்கும். அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு கடையின் தளத்துக்குத் திரும்ப வேண்டிய பிரவுசர் அங்கே இருக்காது. உசிலம்பட்டிக்காரருக்கு நடந்தது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முதல் ஆபத்துக்கு மருந்து, செய்தியோடு ஒரு முத்திரை சேர்த்து அனுப்புவது. கடைக்கும் கேட்வேக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவி இருக்கும். செய்தியையும் அந்தச் சாவியையும் ஒரு கணக்கில் போட்டுக் கலக்கினால் ஒரு நீண்ட எண் கிடைக்கும். அதுதான் கையொப்பம். பெறுகிற பக்கமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். செய்தியில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் கையொப்பம் முற்றிலும் வேறாக வரும், உடனே தெரிந்துவிடும். 1997இல் வரையறுக்கப்பட்ட எச்மேக் என்ற முறை இது. இன்றும் கேட்வேகள் பரவலாகப் பயன்படுத்துகின்றன.

ஆனால் கையொப்பம் செய்தியை மறைப்பதில்லை. மாற்றினால் காட்டிக்கொடுக்கும், அதோடு சரி. பழைய செய்தியையே இன்னொரு தடவை கொண்டுவந்து நீட்டினாலும் கையொப்பம் சரியாகத்தான் இருக்கும். ஆகவே ஆர்டர் எண்ணையும் நேரத்தையும் செய்திக்குள்ளேயே வைத்துக் கையொப்பமிட வேண்டும். ஒரு ஆர்டர் எண்ணுக்கு ஒரு தடவைக்கு மேல் ஏற்கக் கூடாது.

பிரவுசர் பாதையில் இன்னொரு சொல் அடிக்கடி அடிபடும்: கோர்ஸ். ஒரு தளத்தின் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், இன்னொரு தளத்தின் டேட்டாவைத் தன்னிஷ்டத்துக்குப் படிக்கக் கூடாது என்று பிரவுசர்கள் 1995இல் இருந்தே ஒரு தடையை வைத்திருக்கின்றன. அது இல்லாவிட்டால், நீங்கள் ஒரு ஜன்னலில் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும்போது, இன்னொரு ஜன்னலில் இருக்கும் ஏதோ ஒரு தளம் உங்கள் இருப்பைப் படித்துவிடும். 'இன்ன தளம் என்னிடம் வந்து படிக்கலாம்' என்று டேட்டாவுக்குச் சொந்தமான சர்வரே அனுமதி தரும் ஏற்பாடுதான் கோர்ஸ். 2014இல் அது முறையான தரமாக வெளியானது. இது பிரவுசருக்கு மட்டுமான விதி. சர்வர் சர்வருடன் நேராகப் பேசும்போது இந்தத் தடையே கிடையாது. கோர்ஸ் பிழை வந்ததும் எல்லாத் தளங்களுக்கும் கதவைத் திறந்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. அனுமதி கேட்பது எந்தத் தளம் என்று தெரிந்துதானே இருக்கிறது? அந்த ஒரு பெயரை மட்டும் எழுதினால் போதும்.

சர்வரும் சர்வரும் நேராகப் பேசுவது

கடையின் சர்வர், பிரவுசரைப் போலவே இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் எச்.டி.டி.பி. முறையில் ஒரு கோரிக்கையை அனுப்பும், கேட்வேயின் சர்வர் பதில் தரும். இப்படிக் கேட்கவும் பதில் பெறவும் ஒரு அப்ளிகேஷன் திறந்து வைத்திருக்கும் கவுன்ட்டர்தான் ஏ.பி.ஐ. என்ன கேட்கலாம், எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், யார் கேட்கலாம் என்ற மூன்றையும் அந்தக் கவுன்ட்டரின் சொந்தக்காரர் எழுதி வைத்திருப்பார்.

வடிவம் இப்போது பெரும்பாலும் ஜேசன், அதாவது விவரத்தின் பெயரையும் மதிப்பையும் ஜோடி ஜோடியாக எழுதும் முறை. அதற்கு முன்னால் 1998இல் தரமான எக்ஸ்.எம்.எல். கோலோச்சியது. அரசு, வங்கித் துறைகளில் அது இன்றும் நிறையவே இருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்பதை உறுதிசெய்ய ரகசியச் சாவி அல்லது டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு. வாடிக்கையாளர் தன் கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே, 'என் சார்பில் இந்தத் தளம் இதை மட்டும் பார்க்கலாம்' என்று அனுமதிச்சீட்டு கொடுக்கும் முறை ஓ-ஆத். அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. கூகுள் கணக்கை வைத்து வேறொரு தளத்துக்குள் நுழைகிறீர்கள் என்றால் பின்னணியில் நடப்பது இதன் ஒரு வகைதான்.

பதிலோடு ஒரு மூன்றிலக்க எண்ணும் வரும். 200 என்றால் நடந்தது. 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை. 404 என்றால் கேட்ட பொருள் இங்கே இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறாய், பொறு. 500 என்றால் என் பக்கம் ஏதோ உடைந்துவிட்டது. கூட்டம் அலைமோதும் நாட்களில் திரையில் தோன்றும் 504க்குத் தனி அர்த்தம் உண்டு: முன்னால் நிற்கும் சர்வர், பின்னால் இருக்கும் சர்வரிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தது, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. 'நடக்கவில்லை' என்று 504 சொல்வதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேட்வேயிடம் பணம் வந்து சேர்ந்ததைக் கடை எப்படித் தெரிந்துகொள்வது? நிமிடத்துக்கு ஒரு தடவை 'வந்ததா, வந்ததா' என்று கேட்கலாம். அது போலிங். இல்லையென்றால் பணம் வந்ததும் கேட்வேயே கடையின் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லலாம். இதற்கு வெப்ஹூக் என்று 2007இல் பெயர் வைத்தவர் ஜெஃப் லிண்ட்சே. வாடிக்கையாளரின் பிரவுசர் மூடிப்போனாலும் வெப்ஹூக் வந்து சேரும். அதனால் ஆர்டரை உறுதிசெய்வது எப்போதும் இந்தப் பாதையில்தான் நடக்க வேண்டும். பிரவுசர் திரும்பி வந்தால் நன்றி சொல்லும் பக்கத்தைக் காட்டலாம், அவ்வளவே. பிரவுசர் வந்தால்தான் ஆர்டர் பதியும் என்று கட்டியிருக்கும் தளங்கள்தான் 'எங்க கணக்குல வரலை' என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பதில் வரவில்லை என்றால்?

இதுதான் இந்த விஷயத்தின் மையம்.

கடையின் சர்வர் ஒரு கோரிக்கை அனுப்பியது. முப்பது விநாடி காத்திருந்தது. பதில் இல்லை. இதை டைம்அவுட் என்கிறோம். அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கலாம்?

1. கோரிக்கை போய்ச் சேரவே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.

2. கோரிக்கை போனது, வேலையும் முடிந்தது. பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்துவிட்டது.

3. கோரிக்கை போனது, வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நாற்பதாவது விநாடியில் முடியும்.

அனுப்பிய பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: அமைதி. எவ்வளவு திறமையாக நிரல் எழுதினாலும் அந்த அமைதியை மட்டும் வைத்து எது நடந்தது என்று சொல்ல முடியாது. இது நிரலாளரின் குறையும் இல்லை. நடுவில் செய்தி தொலையக்கூடிய ஒரு பாதை இருந்தால், எத்தனை முறை 'கிடைத்தது', 'கிடைத்தது என்று தெரிந்துகொண்டேன்' என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டாலும் இரு பக்கமும் ஒரே உறுதிக்கு வர முடியாது என்று கணினி அறிஞர்கள் 1975இலேயே எழுதிவிட்டார்கள். கணினி அறிஞர் ஜிம் கிரே 1978இல் இதை 'இரண்டு தளபதிகள்' புதிராக விளக்கினார். பள்ளத்தாக்கின் இரு பக்கமும் நிற்கும் படைகள், நடுவே தூது போகும் ஆள் பிடிபடலாம், எந்த நேரத்தில் தாக்குவது என்று இரண்டு தளபதிகளும் எப்படி உறுதி செய்துகொள்வார்கள்? முடியாது என்பதுதான் விடை.

இந்த அமைதியை 'நடக்கவில்லை' என்று படித்துவிட்டால் சங்கடம் தொடங்குகிறது. 'பணம் செலுத்தப்படவில்லை, மீண்டும் முயலவும்' என்று திரை சொல்லும். வாடிக்கையாளர் நம்பி இன்னொரு தடவை கட்டுவார். முன்பு நடந்தது இரண்டாவதோ மூன்றாவதோ என்றால் பணம் இரண்டு தடவை போயிருக்கும்.

உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதுகிற வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்கான தீர்வு எளிதாகப் புரியும். விசேஷத்துக்கு நேரில் போக முடியாதவர் பங்காளி கையில் ரூ.5,000 கொடுத்தனுப்புகிறார். அன்று ராத்திரி வரை பங்காளியிடம் இருந்து தகவல் இல்லை. உடனே இன்னொரு ரூ.5,000 கொடுத்தனுப்ப மாட்டார். விசேஷ வீட்டுக்குப் போன் போட்டு, "என் பேருல எழுதியாச்சான்னு நோட்டைப் பாருங்க" என்பார். பேரும் ஊரும் நோட்டில் இருந்தால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால்தான் அடுத்த ஏற்பாடு. கேட்பது ஒரு வேலை, அனுப்புவது இன்னொரு வேலை. எத்தனை தடவை கேட்டாலும் நஷ்டமில்லை.

சர்வர்களிலும் இதையேதான் செய்ய வேண்டும். மூன்று ஏற்பாடுகள்:

முதலில், அனுப்பும் ஒவ்வொரு வேலைக்கும் அனுப்புகிறவரே ஒரு தனி எண்ணைக் கொடுத்துவிடுவது. இதை ஐடெம்போட்டன்சி கீ என்பார்கள். அதே எண்ணோடு அதே கோரிக்கை இரண்டாவது தடவை வந்தால், பெறுகிற சர்வர் புதிதாக எதையும் செய்யாமல், முதல் தடவை என்ன பதில் சொன்னதோ அதையே திருப்பிச் சொல்லும். அதன் பிறகு பயமில்லாமல் மறுபடி மறுபடி அனுப்பலாம். நோட்டில் அந்தப் பேர் ஏற்கெனவே இருக்கிறது, இன்னொரு வரி ஏறாது.

அடுத்தது, கேட்டுப் பார்க்கும் வசதி. 'இந்த எண்ணுள்ள வேலை என்ன ஆனது' என்று கேட்டால் நடந்தது, தோற்றது, நடந்துகொண்டிருக்கிறது என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும் ஏ.பி.ஐ. இருக்க வேண்டும். கடையின் டேட்டாபேஸிலும் அதே மூன்று நிலைகள் வேண்டும். 'பணம் வந்தது / வரவில்லை' என்று இரண்டே நிலையில் எழுதி வைத்திருக்கும் மென்பொருள் உண்மையைப் பதிவு செய்யவே இடமில்லாதது. 'இன்னும் தெரியவில்லை' என்பதும் ஒரு நிலைதான்.

மூன்றாவது, இரவுக் கணக்கு. நாள் முடிவில் கேட்வே தரும் பட்டியலையும் கடையின் பட்டியலையும் வரி வரியாக ஒத்துப் பார்ப்பது. வெப்ஹூக் தொலைந்து, போலிங்கும் தவறி, எல்லாம் கைவிட்ட நிலையிலும் இந்த ஒத்துப்பார்த்தல் மிச்சத்தைப் பிடித்துவிடும். கடை அடைத்ததும் கல்லாவை எண்ணிப் பேரேட்டோடு சரிபார்க்கும் பழைய வேலைதான். வங்கிகளும் இதைத்தான் செய்கின்றன.

வெப்ஹூக்கிலும் ஒரு கவனம் வேண்டும். கடையின் சர்வர் உடனே 200 என்று பதில் சொல்லாவிட்டால், கேட்வே அதே செய்தியை மறுபடி அனுப்பும். ஆக ஒரே செய்தி இரண்டு, மூன்று தடவை வரலாம். முன்னது பின்னதாகவும் வரலாம். வந்ததும் கையொப்பத்தைச் சரிபார், எழுதி வை, 200 சொல், சேலையை எடுத்து வைக்கச் சொல்வதையும் கூரியருக்குச் சொல்வதையும் பிறகு வரிசையாகச் செய். இந்த வரிசைக்குத்தான் கியூ என்று பெயர். எல்லா வேலையையும் முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று இருந்தால் நேரம் தாண்டிவிடும், செய்தி மறுபடி வரும், ஒரே ஆர்டருக்கு இரண்டு சேலைகள் பார்சலாகும்.

தமிழ் வழியில் சிதைவது

பெயரும் முகவரியும் தமிழில் இருந்தால் சர்வர் மாறும்போது இன்னொரு வகைச் சிக்கல் வரும். இதைப் பற்றித் தமிழில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். நமக்கு மட்டும் வரும் சிக்கலை நாம்தானே எழுதி வைக்க வேண்டும்?

'சொக்கலிங்கம்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு ஏழு எழுத்துகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில், க, ச போன்ற எழுத்தும் அதோடு சேரும் புள்ளி, கொம்பு போன்ற குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 12 குறியீடுகள். அந்தக் குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள், ஆக 36 பைட்டுகள். இதையே இணைய முகவரியின் வாலில் வைத்தால் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிந்து 108 எழுத்துகள் ஆகும். கூரியர் நிறுவனத்தின் ஏ.பி.ஐ.யில் பெயருக்கு 30 பைட்டுகள் என்று எல்லை வைத்திருந்தால், பெயர் 'சொக்கலிங்க' என்று அறுந்துபோகும். ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. 'சொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ச-வுக்குப் பிறகு 'ொ' என்ற ஒரே குறி, அல்லது ச-வுக்குப் பிறகு 'ெ', 'ா' என்று இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். இரண்டாவது முறையில் அதே பெயர் 39 பைட்டுகள். ஒரு சர்வர் இப்படியும் இன்னொன்று அப்படியும் வைத்திருந்தால், 'சொக்கலிங்கம் என்று யாருமில்லை' என்ற பதில் வரும். சேமிக்கும் முன்பும் ஒப்பிடும் முன்பும் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுவதுதான் தீர்வு. யுனிகோடில் அதற்கென்றே என்.எஃப்.சி. என்ற சீராக்க முறை இருக்கிறது. பெரும்பாலான நிரல் மொழிகளில் ஒரே வரியில் முடியும் வேலை.

பழைய கணக்குகள் பாமினி எழுத்துருவிலோ, யுனிகோடு பரவும் முன் இருந்த டி.எஸ்.சி.ஐ.ஐ., டாம், டாப் என்ற தமிழ்க் குறியாக்க முறைகளிலோ இருந்தால் கதை வேறு. பாமினியில் தட்டியது நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். அந்த எழுத்துரு இல்லாத சர்வருக்கு அனுப்பினால் அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியலாக நிற்கும். அனுப்பும் முன்பே யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். ஜேசன் பற்றிய 2017ஆம் ஆண்டு தரம், வெவ்வேறு அமைப்புகளுக்கு நடுவே போகும் ஜேசன் யு.டி.எஃப்-8இல்தான் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

தொகையிலும் நேரத்திலும் இதே மாதிரி விபத்துகள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல கேட்வேகள் தொகையைப் பைசாவில் கேட்கும். ரூ.1,850 என்பதை 185000 என்று அனுப்ப வேண்டும். 1850 என்று அனுப்பினால் ரூ.18.50 தான் வசூலாகும். நேரத்தைச் சில சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். 15ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு வந்த ஆர்டர் அங்கே 14ஆம் தேதி இரவு 8.30 என்று பதிவாகும். தினக் கணக்கு ஒத்துவரவில்லை என்று கடைக்காரர் மண்டையை உடைத்துக்கொள்வார்.

அனுப்பியதும் அது நகல்தான்

ஒரு சர்வரில் இருந்து இன்னொன்றுக்கு டேட்டா போய்விட்டால் அது நகல். மூலம் மாறினால் நகல் தானாக மாறாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஒரே நாளில் காலைக்கும் மதியத்துக்கும் மாறும். முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு தளம் காலை ஆறு மணி விலையை வாங்கி வைத்துக்கொண்டு பத்து மணிக்கும் அதையே காட்டினால், நஷ்டம் யாருக்கோ நிச்சயம். விலையை அனுப்பும்போது 'இது எத்தனை மணி விலை' என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆர்டர் உறுதியாகும் நிமிடத்தில் மூல சர்வரிடம் மறுபடி ஒரு தடவை கேட்க வேண்டும்.

இந்த நகல் தொல்லையே வேண்டாம், இரண்டு அப்ளிகேஷனும் ஒரே டேட்டாபேஸைப் பார்க்கட்டும் என்று சிலர் முடிவு செய்வார்கள். ஒரே நிறுவனம், ஒரே குழு என்றால் அதில் தப்பில்லை. ஆனால் அதற்காக டேட்டாபேஸின் கதவை இணையத்துக்குத் திறந்துவைப்பது பெரிய ஆபத்து. திறந்த கதவுகளைத் தேடித் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இணையம் முழுக்க இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நகல் என்பதால் தனிமனித விவரத்திலும் பொறுப்பு கூடுகிறது. கூரியருக்கு முகவரியும் போன் எண்ணும் போதும். பிறந்த தேதியும் இதற்கு முன் எடுத்த சேலைகளின் பட்டியலும் எதற்கு? 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த வேலைக்காக விவரம் வாங்கப்பட்டதோ அதற்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்திருக்கிறது.

கடைக்காரர் கேட்க வேண்டியவை

தளம் கட்டித் தருகிறவரிடம் நிரல் தெரியாத ஒரு கடைக்காரர் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. நேரான பதில் வராவிட்டால் காசு கொடுக்கும் முன் யோசியுங்கள்.

1. வாடிக்கையாளர் பணம் கட்டிய உடனே போனை அணைத்துவிட்டால் ஆர்டர் பதியுமா?

2. கேட்வேயிடம் இருந்து ஒரே செய்தி இரண்டு தடவை வந்தால் என்ன ஆகும்?

3. பதில் வராதபோது திரையில் என்ன வாசகம் காட்டுவீர்கள்? 'தோற்றுவிட்டது' என்றா, 'சரிபார்க்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்' என்றா?

4. இரவில் இரண்டு பக்கக் கணக்கையும் ஒத்துப் பார்ப்பது யார், எப்படி?

5. தமிழில் நீளமான பெயரும் முகவரியும் கொடுத்து, கூரியர் சீட்டு வரை சோதித்துப் பார்த்தீர்களா?

பணம் போய் நிற்கிறவர் செய்ய வேண்டியவை

இப்போது உசிலம்பட்டிக்காரரிடம் திரும்புவோம். முதலில், உடனே மறுபடி கட்டக் கூடாது. யு.பி.ஐ. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, நிலை என்னவென்றும் 12 இலக்கக் குறிப்பு எண் எதுவென்றும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கடை, கேட்வே, வங்கி மூன்றும் ஒரே பரிவர்த்தனையை அடையாளம் காண உதவும் எண் அது. மொய் நோட்டில் பேரும் ஊரும் மாதிரி. கடையில் பேசும்போது "பணம் போயிருச்சு" என்று மட்டும் சொல்லாமல், இந்த எண்ணைக் கொடுத்து "கேட்வேயில தேடிப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும், ஆர்டரும் பதிந்துவிடும்.

கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கை துணைக்கு இருக்கிறது. தனிநபருக்கு யு.பி.ஐ.யில் அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டிய பணத்துக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே அவர் கணக்கில் வர வேண்டும். ஐந்து நாள் தாண்டியும் பணம் வரவில்லை என்றால் யு.பி.ஐ. செயலிக்குள் அந்தப் பரிவர்த்தனையின் கீழேயே புகார் பதியலாம், தன் வங்கியில் எழுத்தில் கொடுக்கலாம். வங்கி 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களுக்கு மட்டும் போன் செய்ய வேண்டாம். அந்த எண்களில் பல மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவை. வங்கி அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் போதும். பேசுகிறவர் யாராக இருந்தாலும் யு.பி.ஐ. பின் எண்ணைச் சொல்ல வேண்டியதே இல்லை. பணம் திரும்பி வருவதற்கு எந்த எண்ணையும் தட்ட வேண்டியதில்லை.